பெயர் கூப்பிடும் நாள்

வார்டுத் தலைவர் கடை வாசலில் நின்று மஞ்சள் தூள் சாக்கில் விரலை விட்டுக் கிளறியபோதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விற்கிற சாமானில் சும்மா கை வைப்பவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. பர்மியில் அவரை லூஜி என்போம், பெரிய மனிதர் என்று அர்த்தம். எங்களுக்கு வாய்த்தவர் வயிற்றளவில் மட்டும் பெரியவர்.

“மா ஃபஹீமா, அடுத்த வாரம் அயன் பயிற்சி தொடங்குகிறது. வீட்டுக்கு ஓர் ஆள். ஆள் தராத வீட்டுக்குச் சந்தையில் கடை கிடையாது. மேலிடத்து உத்தரவு” என்றார் பர்மியில்.

“என் வீட்டில் நானும் மகளும்தான் இருக்கிறோம். உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும். அதனால்தான் முன்கூட்டியே சொல்கிறேன். கடையை நீயாகவே விட்டுவிட்டால் மரியாதையாகப் போய்விடும்.”

மேலிடம் என்று சொல்லும்போது அவர் கண் மேலே போகவில்லை, பக்கத்துக் கடைக்குத்தான் போயிற்று. அங்கே அவருடைய தங்கை மகன் செருப்பு விற்கிறான். அவனுக்கு இடம் போதவில்லை. என் கடையோ மூலைக் கடை. க்யிம்யிண்டைங் படகுத்துறையில் இறங்கி வருகிற கூட்டம் முதலில் என் மசாலா வாசனையைத் தாண்டித்தான் சந்தைக்குள் நுழைய வேண்டும். மச்சான், என் புருஷன், இருபது வருஷம் உட்கார்ந்து பழக்கிய கடை. அவர் போன பிறகு நான் உட்கார்கிறேன். இது போனால் நானும் மகள் ருக்சாரும் ஷ்வேப்யிதாவில் ஏதாவது தையல் ஆலை வாசலில் போய் நிற்க வேண்டியதுதான். அவள் படிப்பும் அதோடு சரி.

“ஆள் வரும்” என்றேன்.

“யார்?”

“நான்தான்.”

அவர் சிரித்தார். செருப்புக் கடைக்காரனும் சேர்ந்து சிரித்தான். அவன் சிரித்ததுதான் எனக்கு அதிகம் உறுத்தியது.

அயன் என்றால் பர்மியில் தேவைப்படும்போது எடுத்துக்கொள்ள வைத்திருப்பது. ராணுவத்துக்குக் கை குறைந்தால் எடுத்துக்கொள்ள எங்களை வைத்திருந்தார்கள். அது எங்கள் தெருவில் எப்படி முளைத்தது என்பதை நான் கண்ணால் பார்த்தவள். எண்பத்தெட்டு ஆகஸ்டில், ஜனங்கள் அரசாங்கத்தை எதிர்த்துத் தெருவில் இறங்கியபோது, ஊரில் போலீஸ் என்று ஒருவரும் இல்லை. தெருமுனைகளில் மூங்கில் படல் கட்டி, ஆண்கள் முறை வைத்துக் காவல் நின்றார்கள். பர்மாக்காரர், துறைமுகத்து இந்துத் தமிழர், எங்கள் முஸ்லிம் ஆட்கள், எல்லாரும் ஒரே படலுக்குப் பின்னால். யாரும் உத்தரவு போடவில்லை. பிறகு பட்டாளம் வந்தது. படலைப் பிடுங்கிப் போட்டார்கள், காவல் நின்றவர்களை மட்டும் விடவில்லை. பத்து வீட்டுக்கு ஒரு பொறுப்பாளர், ஐந்து பொறுப்பாளருக்கு ஒரு பிரிவு, பிரிவெல்லாம் சேர்ந்தால் வார்டுப் படை என்று அடுக்கினார்கள். முதலில் தீயணைக்கத்தான் என்றார்கள். வீட்டுக்கு வீடு தண்ணீர்ப் பை, மணல் பை, கூரையைப் பிடித்து இழுக்க நீளக் கழியில் இரும்புக் கொக்கி எல்லாம் வாசலில் தொங்கின. அப்புறம் மெல்ல மெல்ல மரத் துப்பாக்கியும், இடம் வலம் திரும்புவதும் வந்து சேர்ந்தன. பேர் தீயணைப்பு, காரியம் பட்டாளத்துக்கு ஒத்திகை.

ஞாயிற்றுக்கிழமைதான் வார்டுப் பயிற்சி. ஞாயிற்றுக்கிழமைதான் சந்தையிலும் கூட்டம். எந்தக் கடைக்காரன் போவான்? அதற்கு எங்கள் தெரு ஒரு வழி வைத்திருந்தது. பழனியப்பன் அண்ணன். அலோன் கப்பல் துறையில் மூட்டை தூக்குகிறவர், எங்கள் தெருவிலேயே குடியிருப்பு. அவர் தன் வீட்டுக்கும் நிற்பார், எங்கள் வீட்டுக்கும் நிற்பார், இன்னும் ஒரு கடைக்காரர் வீட்டுக்கும் நிற்பார். அங்கே ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வீட்டு எண்ணைத்தான் கூப்பிடுவார்கள். எண் வந்ததும் “ஷிபாதெ”, அதாவது இருக்கிறேன் என்று குரல் வந்தால் போதும். பழனியப்பன் அண்ணன் ஒரு எண்ணுக்குத் தொண்டையில் பேசுவார், அடுத்ததற்கு மூக்கில் பேசுவார், மூன்றாவதற்கு இருமிக்கொண்டே பேசுவார். பயிற்சி கொடுக்கிற பழைய சார்ஜென்ட், எல்லாரும் சயாஜி என்று கூப்பிடுவோம், அந்த நேரத்தில் வானத்தைப் பார்ப்பார். மாசம் பிறந்தால் மச்சான், பழனியப்பன் அண்ணன் வீட்டுக்கு மிளகாய்த்தூளும் பருப்பும் அனுப்புவார். ஒருவருக்கும் குறையில்லாமல் ஓடியது.

இரண்டாயிரத்து நாலில் அது ஓடாது என்று தெரிந்தது. இந்த முறை பக்கத்து வார்டுகளெல்லாம் சேர்ந்து ஆற்றோர மைதானத்தில் தினமும் பயிற்சி. கடைசி நாள் ஒரு மேஜர் வந்து பார்வையிடுவார்.

பழனியப்பன் அண்ணனே கடைக்கு வந்தார். “தங்கச்சி, ஒனக்கு எதுக்கு இந்த வேகாத வெயில்ல அவஸ்தை? பாய் இருந்தப்ப நின்ன மாதிரி நானே நின்னுர்றேன்.”

“இந்தத் தடவ கண்ணுல வெளக்கெண்ண ஊத்திக்கிட்டுப் பாக்குறாங்கண்ணே. மாட்டுனா ஒங்களயும் உள்ள வச்சிருவாங்க, எங் கடயும் போயிரும். நானே போறேன்.”

அடுத்த வீட்டு நூர் பீவி மாமி அன்றைக்குச் சாயங்காலமே வந்துவிட்டார். “ஏன்டீ, பொம்பளப் புள்ள கால்சட்ட மாட்டிக்கிட்டு ஆம்பளயளோட வரிசயில நிக்கிறதா? ஜமாஅத்துல என்ன பேசுவாஹ?”

“பேசுறவஹ மாசா மாசம் அரிசி அனுப்புவாஹளா மாமி? அனுப்புறதா இருந்தா சொல்லுங்க, நான் வூட்லயே இருக்கேன்.”

மாமி தேநீர் குடிக்காமல் எழுந்து போனார். நான் முழங்கால் வரை தொங்கும் சட்டையைத் தைத்துக்கொண்டேன். கால்சட்டை, சட்டை, முக்காடு, அதன் மேல் தொப்பி. ருக்சார் என்னைப் பார்த்துப் பர்மியில் என்னவோ சொல்லிச் சிரித்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் மட்டும்தான் தமிழ் வரும், சிரிப்பெல்லாம் பர்மியில்தான்.

முதல் நாள் சயாஜி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “பெண்கள் சமையலுக்குப் போகலாம்” என்றார்.

“சமையல் செய்கிறவர் அயன் கணக்கில் வருவாரா, சயாஜி?”

“வர மாட்டார். அது உதவி.”

“அப்படியானால் எனக்குச் சமையல் தெரியாது.”

அவர் கொக்கிக் கழி ஒன்றைக் காட்டி, “தூக்கு” என்றார். பருப்பு மூட்டை நகர்த்துகிற கைதானே, என்ன பெரிய விஷயம் என்று தூக்கினேன். மூட்டை தன் இடத்தில் இருக்கும். கழி அப்படி இல்லை. நுனியில் இரும்பு கனத்து என்னையும் இழுத்துக்கொண்டு மண்ணில் சாய்ந்தது. மைதானமே சிரித்தது. எழுந்து மறுபடி தூக்கினேன், மறுபடி விழுந்தேன். மூன்றாவது தடவை விழுந்தபோது சிரிப்பு குறைந்திருந்தது. எனக்குச் சிரிப்பு குறைந்ததே போதுமாக இருந்தது, அதனால் நாலாவது தடவையும் தூக்கினேன்.

கழிக்கு இரண்டு பேர். எனக்குப் பழனியப்பன் அண்ணன்தான் ஜோடி. “கைய எறக்கிப் பிடி, தங்கச்சி. கொக்கி பின்னால ஓடாத, அது ஒன் பின்னால வரட்டும்” என்றார். ஒரு வாரம் போனதும் கழி நின்ற இடத்தில் நின்றது. ஓலைக் கூரையில் கொக்கியை மாட்டி, இரண்டு பேரும் ஒரே மூச்சில் பின்னுக்கு இழுத்தால் கூரை சரசரவென்று கழன்று வரும். எனக்கு அது பிடித்துப் போயிற்று. வெளியே சொல்லவில்லை. தோளில் தோல் உரிந்து கடையில் மிளகாய்த்தூள் பட்டபோது மட்டும் கண்ணில் தண்ணீர் வரும்.

விஷயம் வேறிடத்தில் சிக்கிக் கிடந்தது, அது எனக்கு இரண்டாவது வாரம்தான் தெரிந்தது. தினசரி கூப்பிடுவது பழையபடி வீட்டு எண்தான். கடைசி நாள் மேஜர் முன்னால் மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று சயாஜி அறிவித்தார். எங்கள் வீட்டுக்கு என்ன பெயர் இருக்கிறது என்று கேட்டேன். அவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, கோ என்று பர்மிய மரியாதைச் சொல் சேர்த்து மச்சானின் பெயரைப் படித்தார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மச்சான் மவுத்தாகி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அரசாங்கத்தைப் பொறுத்தவரை மனிதர் இன்னும் தெருவில் குடியிருக்கிறார்.

குற்றம் எங்கள் பக்கம்தான். எங்கள் ஆட்களில் ஒருவர் மவுத்தானால் பள்ளிவாசலுக்குச் சொல்வோம். அவர்கள் அறிவிப்பார்கள், குளிப்பாட்ட ஆள் வரும், தொழுகை நடக்கும், மண் தள்ளிவிட்டு வருவார்கள். அதோடு உலகத்துக்கே சொல்லியாயிற்று என்று நினைப்பு. வார்டு ஆபீஸ் என்று ஒன்று இருப்பது யார் ஞாபகத்திலும் இல்லை. நான் போயிருக்கலாம். நான் இத்தாவில் இருந்தேன். புருஷன் போனால் நாலு மாசம் பத்து நாள் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. எனக்குப் பதில் என் அண்ணன் போயிருப்பார் என்று நான் நினைத்தேன். ஜமாஅத்துக்காரர்கள் போயிருப்பார்கள் என்று அண்ணன் நினைத்தார். ஒருவரும் போகவில்லை.

அன்றைக்கே லூஜியிடம் ஓடினேன்.

“இவ்வளவு நாள் கழித்து வந்தால் எப்படி?” என்றார். “பயிற்சி முடியட்டும், பிறகு பார்க்கலாம்.”

“பயிற்சி முடிகிற அன்றைக்குத்தானே பெயர் கூப்பிடுகிறார்கள்?”

“அதற்கு நான் என்ன செய்ய?” என்று வெற்றிலையை மடித்தார். மறுநாள் போனேன், எழுதுகிறவர் வரவில்லை. அதற்கடுத்த நாள் முத்திரை வேறு யாரிடமோ இருந்தது. என்னை இழுத்தடிக்கிறார் என்று புரிந்தது. பெயர் கூப்பிடும்போது பதில் இல்லை என்றால் ஆள் தராத வீடு. கடை செருப்புக்காரனுக்கு. ஆனால் நான் அந்த இடத்தில் நிற்கப் போகிறேனே, வாயைத் திறந்து சொல்லிவிட மாட்டேனா என்று தைரியமாக இருந்தேன்.

கடைசி நாள் காலையில் வரிசை கட்டுமுன்னே லூஜி சுற்றி வந்தார். “மேஜர் ஐயாவோடு நிறையப் பேர் வருகிறார்கள். சமையலுக்குக் கை போதாது. பெண்கள் எல்லாரும் அடுப்படிக்கு.” என்னைப் பார்த்து, “நீயும்தான். உன் வீட்டுப் பெயருக்கு நான் ஏற்பாடு செய்துவிட்டேன்” என்றார்.

சயாஜியைத் தேடினேன். அவர் மேஜரை எதிர்கொள்ளப் படகுத்துறைக்குப் போயிருந்தார். லூஜி சொன்னதை மீறினால் அந்த ஒரு சாக்கே போதும் கடையைப் பிடுங்க. பல்லைக் கடித்துக்கொண்டு போய் வெங்காயம் உரித்தேன். சயாஜி வந்ததும் அவர் காலைப் பிடித்தாவது வரிசைக்குள் போய்விடலாம் என்று ஒரு கண் மைதானத்தில் இருந்தது.

பக்கத்தில் பழனியப்பன் அண்ணனின் மனைவி ஜெயம்மாக்கா உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அவர் சமையல் உதவிக்கு வந்தவர்.

“கவலப்படாத தங்கச்சி. ஒங்க வூட்டுக்கு எங்க வூட்டு ஆளுதான் கொரல் குடுக்கப் போகுது. லூஜியே கூப்ட்டுச் சொன்னாராம், பாய் பேரு வந்தா நீ சத்தம் குடுத்துருன்னு. நல்ல மனுசன்தான் போல.”

என் கையில் கத்தி நின்றது. லூஜி நல்ல மனுஷனா? ஒரு வருஷமாக மண்ணுக்குள் இருக்கிறவருக்கு மேஜர் முன்னால் ஒருவர் ‘இருக்கிறேன்’ என்று சொல்வார். அடுத்த நொடி லூஜி எழுந்து, இவர் செத்துப்போனவர் ஐயா, இந்த வீடு பட்டாளத்தையே ஏமாற்றுகிறது என்பார். கண்டுபிடித்த பெருமை அவருக்கு. கடை அவர் தங்கை மகனுக்கு. பழனியப்பன் அண்ணனுக்கு ஜெயில்.

“அக்கா, அவரு நல்லதுக்குச் சொல்லல” என்று மட்டும் சொன்னேன். மைதானத்தில் விசில் சத்தம் கேட்டது. பெயர் கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள்.

கத்தியைப் போட்டுவிட்டு ஓடினேன். அடுப்படிக்கும் மைதானத்துக்கும் நடுவில் வேலி. சுற்றிப் போக நேரமில்லை, கால்சட்டை போட்டதற்கு அன்றைக்குத்தான் முழுப் பலன் கிடைத்தது, ஏறிக் குதித்தேன். முக்காட்டில் ஒரு முள் மாட்டிக் கிழிந்தது. வரிசை வரிசையாக ஆட்கள் விறைத்து நின்றார்கள். கொட்டகை நிழலில் மேஜர், அவர் பக்கத்தில் லூஜி. சயாஜி எங்கள் தெருவைப் படித்துக்கொண்டிருந்தார். பட்டியலில் எங்களுக்கு முந்தின வீட்டுப் பெயர் வந்தது. பதில் வந்தது.

“கோ கபீர்.”

நான் இன்னும் பாதி மைதானத்தில் இருந்தேன். ஓடுகிற கால் அப்படியே நின்றுவிட்டது. ஒரு வருஷமாக அந்தப் பெயரை யாரும் இப்படிக் கூப்பிடவில்லை. காலமானவர் என்று ‘மர்ஹூம்’ போடாமல், குரலை இறக்காமல், ஆள் எங்கேயோ பக்கத்தில் இருப்பதாக நினைத்துக் கூப்பிட்டார்கள். கூட்டத்தில் யாராவது திரும்பிப் பார்ப்பார்களா என்று ஒரு கணம் நானே தேடினேன். பைத்தியக்காரத்தனம்தான்.

“கோ கபீர்!” சயாஜி இரண்டாம் தடவை கூப்பிட்டார்.

பழனியப்பன் அண்ணன் தொண்டையைச் செருமினார். எனக்கு அந்தச் செருமல் தெரியும். எங்கள் வீட்டுக்குப் பத்து வருஷம் உழைத்த செருமல்.

“அண்ணே, வாயத் தொறக்காதிய” என்று தமிழில் கத்தினேன். வரிசையில் என் இடத்துக்குள் போய் நின்றேன். மூச்சு வாங்கியது. இரண்டு கையையும் தொடையோடு ஒட்டவைத்து, “ஷிபாதெ” என்றேன்.

பின் வரிசையில் சிரித்தார்கள். மேஜர் சிரிக்கவில்லை. எழுந்து நேராக என் முன்னால் வந்தார்.

“நீதான் கோ கபீரா?”

“இல்லை, ஐயா.”

“போமூ, மேஜர் ஐயா” என்று லூஜி மேஜரின் பின்னாலேயே ஓடி வந்தார். “இந்த வீட்டில் ஏதோ ஏமாற்று நடக்கிறது. நான் விசாரித்து...”

மேஜர் கையை உயர்த்தினார். “அவள் சொல்லட்டும். கோ கபீர் எங்கே?”

எங்கள் வீடுகளில் புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டோம். கல்யாணமான நாளிலிருந்து அவர் எனக்கு மச்சான். பிள்ளைக்கு வாப்பா. ஊராருக்கு முன்னால் ‘அவஹ’. அவர் மவுத்தானதைக்கூட நான் யாருக்கும் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து என் அண்ணன் பள்ளிவாசலுக்குச் சொன்னார். பள்ளிவாசல் ஊருக்குச் சொன்னது. ருக்சாருக்கு என் தங்கச்சி சொன்னாள். நான் மூலையில் வெள்ளைத் துணி போர்த்தி உட்கார்ந்திருந்தேன், வந்தவர்கள் எல்லாரும் எனக்குத்தான் சொன்னார்கள்.

“கோ கபீர் இறந்துவிட்டார்” என்றேன். நிறுத்தாமல் மேலே பேசினேன். “நான் அவர் மனைவி. அந்த வீட்டு ஆள் நான்தான். பயிற்சி முழுவதும் வந்தேன். பெயரை மாற்றச் சொல்லி வார்டு ஆபீசுக்கு மூன்று தடவை போனேன். மாற்றித் தரவில்லை.”

மேஜர் சயாஜியைப் பார்த்தார்.

“ஒரு நாள் தவறவில்லை, போமூ” என்றார் சயாஜி. “கொக்கிப் பிரிவு. நன்றாக இழுக்கிறாள்.”

மேஜர் லூஜி பக்கம் திரும்பினார். “செத்தவன் பேரை வைத்துக்கொண்டு எனக்குப் படை காட்டுகிறாயா? இந்த வார்டு உன்னுடையதுதானே?”

லூஜி வாயில் வெற்றிலை அப்படியே நின்றது. மேஜருக்கு என் மேல் இரக்கமெல்லாம் ஒன்றும் இல்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, அவருக்கு மத்தியானச் சாப்பாடு காத்திருந்தது. “அந்தப் பெயரை அடி. இவள் பெயரை எழுது” என்று திரும்பப் போனார்.

விட்டால் அதோடு போய்விடும் என்று எனக்குத் தெரியும்.

“ஐயா, கடையும் அதே பெயரில்தான் இருக்கிறது. அதையும் என் பெயருக்கு எழுதச் சொல்லுங்கள். ஆள் தந்த வீட்டுக்குக் கடை உண்டு என்று லூஜி வாக்குக் கொடுத்திருக்கிறார்.”

அவர் திரும்பி ஒரு தடவை என்னைப் பார்த்தார், பிறகு லூஜியைப் பார்த்தார். “எழுது” என்றார். “இங்கேயே, இப்போதே.”

லூஜி எழுதுகிறவரின் பேனாவைப் பிடுங்கினார். என் பக்கத்திலேயே, பட்டியல் செருகிய சயாஜியின் பலகையை ஏந்திக்கொண்டு நின்று எழுதினார். அதில் வீட்டுக்கு நேரே கடையும் குறித்திருந்தது, முதலில் கடைக்கு என் பெயர். அப்புறம் படைக்கு என் பெயர். எழுத்து ஒவ்வொன்றையும் நான் பார்த்தேன், ஒன்று பிசகினாலும் விடுவதாக இல்லை. கடை எங்களுடையது. ருக்சார் பள்ளிக்கூடம் போவாள். எனக்கு நெஞ்சு நிறைந்து வந்தது.

பிறகு பேனா மேலே போயிற்று. மச்சானின் பெயர் மேல் இடமிருந்து வலமாக ஒரு கோடு போட்டார். லூஜிக்கு ஆத்திரம், அழுத்திப் போட்டார், கோடு கறுப்பாகத் தடித்து விழுந்தது. கோட்டுக்கு அடியில் பெயர் தெரியவில்லை.

நானே ஓடி வந்து, நானே வாய்விட்டுக் கேட்டு, அடிக்கச் சொல்லி வாங்கிய கோடு அது. ஜெயித்தது நான்தான். இருந்தும் அந்தப் பேனாவைத் தட்டிவிட வேண்டும் என்று கை பறந்தது. கையைத் தொடையிலிருந்து எடுக்கவில்லை.

சயாஜி அடுத்த பெயரைக் கூப்பிட்டார். பக்கத்தில் பழனியப்பன் அண்ணன் நேராகப் பார்த்தபடி, உதடு அசையாமல், “அழாத தங்கச்சி” என்றார். நான் அழுதுகொண்டுதான் இருந்தேன். வெங்காயக் கையோடு வரிசையில் நின்று, கொட்டகையில் இருக்கிறவர்கள் எல்லாரும் பார்க்கும்படி அழுதேன். விறைத்து நிற்கும்போது முகத்தைத் துடைக்கக் கூடாது என்பது சட்டம். நான் துடைக்கவில்லை.